ரயிலேறி ஆல்ப்ஸ் பார்க்கலாம்: சுவிட்சர்லாந்துப் பயணத்தைத் திட்டமிடும் முறை

சுவிட்சர்லாந்தின் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் ஆல்ப்ஸ் மலை. சமவெளி குறைவான இந்தச் சின்ன நாட்டில் 5,000 கிலோமீட்டருக்கும் அதிகமான ரயில் பாதை இருக்கிறது. ஏறத்தாழ அனைத்தும் மின்மயமானவை. ரயில் எட்டாத மலைக்கிராமங்களுக்கு மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து போகிறது. ஏரிகளில் கப்பல்கள் ஓடுகின்றன. சிகரங்களுக்குப் பற்சக்கர ரயிலும் ரோப் காரும் ஏறுகின்றன. இவை எல்லாமே ஒன்றின் நேரத்தை ஒட்டி மற்றொன்று புறப்படும்படி அமைக்கப்பட்டவை.

அதனால் இங்கே சுற்றிப்பார்க்க வருபவர் காரை வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. குழுச் சுற்றுலாவில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எந்த ஊர்களில் தங்குவது, எந்தப் பாஸ் வாங்குவது, எந்த நாளில் மலை ஏறுவது என்ற மூன்றையும் சரியாக முடிவு செய்துவிட்டால் பயணத் திட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். மற்றதை ரயில் அட்டவணை பார்த்துக்கொள்ளும்.

மலையைத் துளைத்த பாதைகள்

சுவிட்சர்லாந்துக்குள்ளேயே அமைந்த முதல் ரயில் பாதை 1847-இல் சூரிச்சுக்கும் பாடனுக்கும் இடையே திறக்கப்பட்டது. 1871-இல் பொறியாளர் நிக்லாஸ் ரிக்கன்பாக், லூசெர்ன் ஏரிக்கரையிலுள்ள ஃபிட்ஸ்னாவிலிருந்து ரிகி மலைக்குப் பற்சக்கர ரயிலை ஓட்டிக்காட்டினார். ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். 1882-இல் கோத்தார்ட் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டபோது, வடக்கு ஐரோப்பாவும் இத்தாலியும் மலைக்கு அடியில் இணைந்தன. அந்தச் சுரங்கத்தை ஒப்பந்தம் எடுத்துத் தோண்டிய லூயி ஃபாவ்ர், வேலை முடிவதற்கு முன் 1879-இல் சுரங்கத்துக்குள்ளேயே இறந்துபோனார்.

பெரிய தனியார் ரயில் நிறுவனங்களை அரசே ஏற்க வேண்டும் என்று 1898-இல் மக்கள் வாக்களித்தார்கள். கூட்டாட்சி ரயில்வே 1902-இல் இயங்கத் தொடங்கியது. நாட்டில் நிலக்கரி வளம் இல்லை. எஞ்சின்களுக்கான கரி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். முதல் உலகப் போரில் கரி வரத்து சுருங்கி விலை ஏறியதும், மலையருவிகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுத்து ரயில் ஓட்டும் வேலை முடுக்கிவிடப்பட்டது. இன்றும் சுவிஸ் ரயில்களுக்கான மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்தே வருகிறது.

இந்த மலை ரயில் தொழில்நுட்பத்தோடு தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. நீலகிரிக்கு ரயில் கொண்டுபோகும் யோசனையை ஆராய 1882-இல் ரிக்கன்பாக்கே அழைக்கப்பட்டார். பின்னர் மேட்டுப்பாளையம்–குன்னூர் தடத்தில் போடப்பட்ட பற்சட்ட முறை, ரோமான் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. அந்தத் தடத்தில் ஓடிய புகழ்பெற்ற நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த எஃகுப் பட்டைகள் கிடக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதில் கவ்விக்கொண்டு ஏறும். ஊட்டி ரயிலில் போனவர்கள் செர்மாட் போகும் வழியிலும் அதே ஆப்ட் முறையைக் காணலாம்.

அட்டவணை எப்படி வேலை செய்கிறது

1982 மே மாதம் நாடு முழுவதும் ஒரு சீரான அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரிலிருந்து 9.02-க்கு ரயில் கிளம்பினால், 10.02, 11.02 என்று ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் அடுத்தடுத்த ரயில்கள் கிளம்பும். முக்கியத் தடங்களில் அரை மணிக்கு ஒன்று. அடுத்த படியாக, பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை ரயில்களும் மணி முடிவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்து சேர்ந்து, மணி தொடங்கிய சில நிமிடங்களில் கிளம்பும்படி செய்யப்பட்டது. அந்த இடைவெளியில் பயணிகள் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்வார்கள்.

இந்த முறை பலிக்க வேண்டுமானால், இரு சந்திப்புகளுக்கு இடையிலான ஓட்டம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகவே பெர்னுக்கும் ஓல்டனுக்கும் இடைப்பட்ட பகுதியில் புதிய விரைவுத் தடம் போடப்பட்டு 2004 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன்பின் சூரிச்சிலிருந்து பெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போக முடிந்தது. முதலில் அட்டவணையை வகுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான பாதையைப் பிறகு கட்டினார்கள். உலக ரயில்வேக்கள் படிக்கும் பாடம் இது.

ஐந்து, ஆறு நிமிடம் மட்டுமே உள்ள மாற்றங்களை அட்டவணை காட்டினால் பயப்பட வேண்டாம். அது நடக்கக்கூடியது என்பதால்தான் காட்டப்படுகிறது. மூன்று நிமிடத்துக்குள் வந்தால்தான் சரியான நேரம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கிலும் பத்தில் ஒன்பது பயணிகளுக்கு மேல் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஒரு ரயில் தவறினாலும் அடுத்தது பெரும்பாலும் அரை மணியிலோ ஒரு மணியிலோ வரும். சாதாரண ரயில்களுக்கு இருக்கை முன்பதிவு தேவையில்லை. ஆகவே காலை எட்டு மணிக்கா, பத்து மணிக்கா என்பதை அன்று காலை உணவுக்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

எந்த மாதம் நல்லது

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை மலைப்பாதைகள் எல்லாம் திறந்திருக்கும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மேய்ச்சல் நிலங்களில் காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும். மணி கட்டிய மாடுகள் மேல்மலைக்கு ஏறியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டமும் ஹோட்டல் வாடகையும் அதிகம். பிற்பகலில் இடிமழை வருவதுண்டு. செப்டம்பரில் வானம் தெளிந்திருக்கும் நாள்கள் கூடும். அக்டோபரில் செயின்ட் மோரிட்ஸைச் சுற்றியுள்ள எங்கடின் பள்ளத்தாக்கில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகின்றன.

தவிர்க்க வேண்டிய காலம் இரண்டு: ஏப்ரலும் நவம்பரும். குளிர்காலப் பருவத்துக்கும் கோடைப் பருவத்துக்கும் நடுவே வரும் இந்த மாதங்களில் ரோப் கார்களையும் மலை ரயில்கள் சிலவற்றையும் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். மலைக்கிராம ஹோட்டல்களில் பலவும் மூடிக்கிடக்கும். பனி பார்க்க விரும்புவோருக்கு ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம். பகல் மெல்ல நீளத் தொடங்கியிருக்கும்; ஆண்டு முழுவதும் இயங்கும் பெர்னினா ரயில் தடம் அப்போது வெள்ளைப் போர்வைக்கு நடுவே போகும்.

தங்கும் ஊர்கள்

முதல்முறை போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, ஒவ்வோர் இரவும் ஊர் மாறுவது. பெட்டியைக் கட்டுவதிலும் அறை தேடுவதிலும் நேரம் கரையும். தூரங்கள் குறைவான நாடு இது. ஓர் ஊரில் இரண்டு மூன்று இரவு தங்கி, பகலில் சுற்றிவிட்டுத் திரும்புவதே சரி.

லூசெர்ன், சூரிச்சிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. ரிகி, பிலாட்டஸ் என்ற இரு மலைகளும் அருகில். ஏரியில் இன்றும் ஐந்து துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்கள் ஓடுகின்றன. அவற்றுள் மூத்ததான ‘ஊரி’ 1901-இல் கட்டப்பட்டது.

இண்டர்லாகன் இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. மேற்கு, கிழக்கு என்று இரண்டு ஸ்டேஷன்கள். மலை ரயில்கள் கிழக்கு ஸ்டேஷனிலிருந்தே கிளம்பும். செலவு பாராமல் மலைக்காட்சியோடு விழிக்க விரும்புவோர் லவுட்டர்புருன்னன், வெங்கன், முர்ரன், கிரிண்டல்வால்ட் ஆகிய கிராமங்களில் தங்கலாம். வெங்கனுக்கும் முர்ரனுக்கும் காரில் போக முடியாது. லவுட்டர்புருன்னனில் ஊரை ஒட்டியே 297 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டாப்பாக் அருவி விழுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. இண்டர்லாகன் கிழக்கிலிருந்து கிளம்பும் மஞ்சள்–நீல ரயில் ஸ்வைலூட்சினன் என்ற சிறு ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மறுபாதி கிரிண்டல்வால்ட்டுக்கும் போய்விடும். பெட்டியின் வெளிப்பக்கத்திலும் நடைமேடைப் பலகையிலும் எந்தப் பகுதி எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஏறாதவர்கள் வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்குவார்கள்.

செர்மாட், 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரம். பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை; ஃபிஸ்ப் சந்திப்பிலிருந்து ஒரு மணிக்குச் சற்று அதிகமான ரயில் பயணத்தில் வந்து சேரலாம். கிழக்குப் பகுதிக்கு செயின்ட் மோரிட்ஸ், அதைவிடச் சிறிய பொன்ட்ரெசினா, அல்லது வாடகை குறைவான கூர் நகரம் பொருந்தும்.

புகழ்பெற்ற தடங்கள்

பெர்னினா தடம்தான் இவற்றுள் முதலிடத்துக்குரியது. கூர் நகரிலிருந்து அல்புலா, பெர்னினா என்ற இரு மலைப்பாதைகள் வழியாக இத்தாலியின் திரானோவுக்குப் போகும் இந்த மீட்டர் கேஜ் தடத்தின் பெரும்பகுதி, 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குறுகிய பாதை என்பதால் கூர்மையான வளைவுகளில் திரும்ப முடிந்தது, செலவும் குறைந்தது. ஃபிலிசூருக்கு முன்னால் வரும் லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம். ஆறு கல் வளைவுகளின் மேல் ரயில் வளைந்து போய், செங்குத்தான பாறையில் வாய் திறந்திருக்கும் சுரங்கத்துக்குள் நேராக நுழையும். பெர்கூனுக்கும் பிரேடாவுக்கும் இடையே 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நேராக ஏற முடியாததால் பாதை மலைக்குள்ளேயே சுருள் சுருளாகச் சுற்றி ஏறுகிறது. சற்றுமுன் பார்த்த தேவாலயக் கோபுரம் இப்போது மறுபக்க ஜன்னலில், இன்னும் கீழே தெரியும்.

1910-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பெர்னினா பகுதியில் பற்சக்கரம் கிடையாது. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏற்றத்தைச் சாதாரணச் சக்கரங்களாலேயே ரயில் ஏறுகிறது. உச்சியிலுள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அடுத்தடுத்து இரண்டு ஏரிகள். சிறியதும் கருத்ததுமான லேய் நாயரின் நீர், இன் ஆற்றில் விழுந்து டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. பக்கத்திலிருக்கும் வெளிறிய லாகோ பியாங்கோவின் நீர், போ ஆற்றின் வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. இரண்டு கடல்களுக்கான நீர்ப்பிரிவைப் பயணி ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே கடந்துவிடுகிறார்.

அதன்பின் ஆல்ப் குரூம் நிலையம். எதிரே பாலூ பனியாறு. அங்கிருந்து ரயில் வளைந்து வளைந்து இறங்குகிறது. புருசியோ ஊரில் ஒன்பது வளைவுகள் கொண்ட வட்டப்பாலத்தின் மேல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தன் பாலத்துக்குத் தானே அடியில் புகுந்து வெளியேறும். திரானோ 429 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. காலையில் பனிப்பாறைக்கு அருகில் இருந்தவர் மதியம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்குகிறார். கூரிலிருந்து திரானோ போகும்போது வலப்பக்க ஜன்னலில் காட்சிகள் அதிகம்.

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக்கூரை ரயிலுக்கு முன்பதிவு கட்டாயம்; அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆனால் அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், பகல் முழுவதும் ஏறக்குறைய மணிக்கொரு சாதாரணச் சிவப்பு ரயில் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம். பழைய பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து படம் எடுக்கலாம். கண்ணாடிப் பிரதிபலிப்பு இருக்காது. ஆல்ப் குரூமில் இறங்கி ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த ரயிலில் போகலாம். முன்பதிவு கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்களுக்கு உண்மையில் எந்த இழப்பும் இல்லை.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் 1930 ஜூன் 25 அன்று முதன்முதலாக ஓடியது. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கிலோமீட்டர், 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். எட்டு மணி நேரம் ஓடுவதால் உலகின் மிக மெதுவான எக்ஸ்பிரஸ் என்று பெயர் பெற்றது. 2,033 மீட்டர் உயர ஓபரால்ப் கணவாயைக் கடந்ததும் முன்னை–ரைன் ஆற்றின் பள்ளத்தாக்கு தொடங்கும். இலான்ஸுக்கும் ரைஷனாவுக்கும் நடுவே வெண்பாறைச் சுவர்களுக்கிடையில் ஆறு ஓடும் ரைன் பிளவு வரும். பழங்கால மலைச்சரிவு ஒன்று பள்ளத்தாக்கை மூடியபின், ஆறு அதை அறுத்து உண்டாக்கிய பிளவு அது. முன்பு இந்த ரயில் ஃபுர்கா கணவாயில் ரோன் பனியாற்றுக்கு அருகே போனது. பெயரும் அதனால் வந்ததே. 1982-இல் ஃபுர்கா அடிச்சுரங்கம் திறந்தபின் ஆண்டு முழுவதும் ரயில் விட முடிந்தது; ஆனால் பனியாறு காட்சியிலிருந்து மறைந்தது. கைவிடப்பட்ட அந்த மலைப்பாதையில் ஆர்வலர்கள் கோடையில் நீராவி ரயில் ஓட்டுகிறார்கள். கிளேசியர் எக்ஸ்பிரஸிலும் முன்பதிவு கட்டாயம். இலையுதிர்காலக் கடைசியில் சில வாரங்கள் அது ஓடாது. ஃபிஸ்ப், ஆண்டர்மாட், டிசென்டிஸ் முதலிய ஊர்களில் வண்டி மாறினால் இதே வழியைச் சாதாரண ரயில்களில் கடக்கலாம்.

மேற்கே ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மான்ட்ரூவிலிருந்து இண்டர்லாகனுக்கு கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. மான்ட்ரூவிலிருந்து ஸ்வைசிம்மன் வரை பாதை மீட்டர் கேஜ். அதற்கு மேல் ஸ்டாண்டர்ட் கேஜ். முன்பு வண்டி மாறியே ஆக வேண்டும். 2022 டிசம்பரிலிருந்து ஸ்வைசிம்மனில் சக்கர இடைவெளியே மாறிக்கொள்ளும் பெட்டிகள் வந்துவிட்டன. பயணி எழுந்திருக்கத் தேவையில்லை.

தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிச்சினோவுக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2016 ஜூன் 1-இல் திறக்கப்பட்ட கோத்தார்ட் அடிச்சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளம். உலகின் மிக நீண்ட ரயில் சுரங்கம் அதுவே. விரைவு ரயில்கள் அதன் வழியாகப் போய்விடும். பார்க்க இருட்டைத் தவிர எதுவும் இல்லை. மலைக்காட்சி வேண்டுமென்றால் கோஷனன் வழியாகப் போகும் பழைய தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே வாசன் கிராமத்தின் வெள்ளைத் தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களில் மூன்றுமுறை கண்ணில் படும்.

சிகரங்களும் வானிலையும்

யுங்ஃபிராவ்யோக், 3,454 மீட்டர் உயரத்திலுள்ள ரயில் நிலையம். ஐரோப்பாவில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் இல்லை. சூரிச் தொழிலதிபர் அடோல்ஃப் குயர்–செல்லர் திட்டமிட்டு, 1896-இல் தொடங்கிய வேலை 1912-இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஐகர் மலையின் வயிற்றைக் குடைந்து ஏழு கிலோமீட்டர் சுரங்கத்தில் ரயில் ஏறுகிறது. மேலே போனால் ஆல்ப்ஸின் மிகப்பெரிய பனியாறான அலெட்ச் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டு கிடக்கும். 2020 டிசம்பரிலிருந்து கிரிண்டல்வால்ட்டிலிருந்து ஐகர் பனியாற்று நிலையத்துக்கு 15 நிமிடத்தில் ரோப் காரில் ஏறி, அங்கிருந்து ரயில் பிடிக்கலாம்.

மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு. மெதுவாக நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். தலை சுற்றினால் கீழே இறங்கிவிட வேண்டும். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

செர்மாட்டிலிருந்து 3,089 மீட்டர் உயர கோர்னர்கிராட்டுக்கு 1898 முதல் மின்சாரப் பற்சக்கர ரயில் ஓடுகிறது. ஏறும்போது வலப்பக்கத்தில் உட்கார்ந்தால் மேட்டர்ஹார்ன் கூடவே வரும். லூசெர்னுக்கு அருகில் அல்ப்நாக்ஸ்டாட்டிலிருந்து பிலாட்டஸுக்கு ஏறும் ரயில் 1889-இல் திறக்கப்பட்டது. நூறு மீட்டருக்கு 48 மீட்டர் என்ற அதன் ஏற்றம், உலகப் பற்சக்கர ரயில்களிலேயே செங்குத்தானது. குளிர்காலத்தில் அது ஓடாது.

மலைக்கு நாள் குறிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல மாதம் முன்பே ஒரு தேதிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, அன்று மேகத்துக்குள் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த டிக்கெட்டுகள் விலை கூடியவை. ஒவ்வொரு சிகரத்திலும் நேரலைக் கேமரா இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு, தெளிவாக இருந்தால் ஏறலாம். இல்லையென்றால் அருவிக்கோ, ஏரிக்கோ, அருங்காட்சியகத்துக்கோ போகலாம். ஒரு மலைக்கு இரண்டு நாள் வாய்ப்பு வைத்துக்கொள்வதற்காகவே ஓர் ஊரில் மூன்று இரவு தங்க வேண்டியிருக்கிறது.

பாஸ் கணக்கு

வெளிநாட்டவர்க்கான சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கிறது. அந்த நாள்களில் நாடு முழுவதும் ரயில், பேருந்து, கப்பல், நகர டிராம் அனைத்திலும் ஏறலாம். ஏராளமான அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம். ரிகி மலைக்குத் தனி டிக்கெட் வேண்டாம். மற்ற மலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃபிராவ்யோக்குக்கு மட்டும் சலுகை குறைவு. இதன் ‘ஃப்ளெக்ஸ்’ வகையில் நாள்கள் தொடர்ந்து வர வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்குள் பயணம் செய்யும் நாள்களில் மட்டும் பயன்படுத்தலாம்.

பாதிக்கட்டண அட்டை ஒரு மாதம் செல்லும். அதை வைத்திருப்பவர் ரயில், பேருந்து, கப்பல் டிக்கெட்டையும் யுங்ஃபிராவ்யோக் உட்படப் பெரும்பாலான மலை டிக்கெட்டையும் பாதி விலைக்கு வாங்கலாம். இவை தவிர இண்டர்லாகன் பகுதிக்கும் லூசெர்ன் பகுதிக்கும் தனித்தனி வட்டாரப் பாஸ்கள் இருக்கின்றன.

எதை வாங்குவது என்பதற்கு எளிய வழி: தினமும் ஊர் ஊராகப் போகிறவருக்கு டிராவல் பாஸ், ஓரிரு ஊர்களில் தங்கி விலை கூடிய மலைகளில் ஏறுபவருக்குப் பாதிக்கட்டண அட்டை. போகப்போகும் வழிகளைத் தாளில் எழுதி, ரயில்வேயின் செயலியில் ஒவ்வொன்றின் கட்டணத்தையும் பார்த்துக் கூட்டினால் விடை தெரிந்துவிடும். ஆறு வயது நிறையாத குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. 6 முதல் 15 வயது வரையுள்ளவர்கள், பாஸ் வைத்திருக்கும் பெற்றோருடன் இலவசக் குடும்ப அட்டையில் பயணம் செய்யலாம். அதைக் கேட்டு வாங்க வேண்டும். கிளேசியர், பெர்னினா எக்ஸ்பிரஸ்களில் பாஸ் செல்லும். இருக்கைக் கட்டணத்தை மட்டும் தனியாகச் செலுத்த வேண்டும். விலைகள் மாறக்கூடியவை, அட்டவணையும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் மாறும். கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

பத்து இரவுகளுக்கு ஒரு மாதிரித் திட்டம்

சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் உள்ளது. இறங்கியதும் ரயில் பிடித்து லூசெர்ன் போய் இரண்டு இரவு. ஒரு நாள் கப்பலில் ஃபிட்ஸ்னா சென்று ரிகி ஏறலாம். மூன்றாம் நாள் புருனிக் கணவாய் வழியாக இரண்டு மணி நேரத்தில் இண்டர்லாகன். ஏரிகளின் பச்சை நீரை ஒட்டியே போகும் அழகான தடம் இது. அங்கே மூன்று இரவு. வானம் தெளிந்த நாளில் யுங்ஃபிராவ்யோக், மற்றொரு நாளில் லவுட்டர்புருன்னன் அருவிகளும் முர்ரனும். ஆறாம் நாள் ஸ்பீட்ஸ், ஃபிஸ்ப் வழியாக செர்மாட், இரண்டு இரவு. எட்டாம் நாள் கிளேசியர் எக்ஸ்பிரஸிலோ அதே வழியில் சாதாரண ரயில்களிலோ செயின்ட் மோரிட்ஸ், இரண்டு இரவு. ஒன்பதாம் நாள் திரானோ போய்த் திரும்பலாம். பத்தாம் நாள் அல்புலா தடத்தில் கூர் வழியாக சூரிச். கடைசி இரவு அங்கே. ஒரு வாரம் மட்டுமே உள்ளவர்கள் செர்மாட்டையோ செயின்ட் மோரிட்ஸையோ விட்டுவிட வேண்டும். இரண்டையும் திணித்தால் எதையும் நின்று பார்க்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இத்தாலியும் ஷெங்கன் நாடு என்பதால் திரானோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். நாணயம் யூரோ அல்ல, சுவிஸ் ஃபிராங்க்.

ஸ்டேஷன்களில் நுழைவுத் தடுப்பு இருக்காது. டிக்கெட் இல்லாமல் ஏறினால் ரயிலுக்குள் பரிசோதகர் அபராதம் விதிப்பார். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பகுதிகள் பிரித்திருக்கும். முதல் வகுப்பு எங்கே நிற்கும், இரண்டாம் வகுப்பு எங்கே நிற்கும் என்பதை மேலுள்ள பலகை காட்டும். இரண்டாம் வகுப்பே வசதியானது. பெரிய பெட்டிகள் இடைஞ்சல் என்றால் ஸ்டேஷன் பெட்டகங்களில் வைத்துவிட்டுப் போகலாம். அடுத்த ஊருக்குத் தனியாக அனுப்பிவைக்கும் சேவையும் உண்டு.

உணவகங்கள் விலை கூடியவை. ஸ்டேஷனை ஒட்டிய கூப், மிக்ரோஸ் கடைகளில் ரொட்டி, தயிர், பழம், பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டால் செலவு பெரிதும் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கடைகள் மூடியிருக்கும். பெரிய ஸ்டேஷன்களிலுள்ள கடைகள் திறந்திருக்கும். தெருவோரக் குடிநீர்ப் பீச்சிகளில் தண்ணீர் பிடித்துக் குடிக்கலாம். 1980-களிலிருந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் நாடெங்கும் வாழ்வதால் நகரங்களில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் இருக்கின்றன. பெர்ன் ஐரோப்பாப்பிளாட்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகில், 2014-இல் திறக்கப்பட்ட மதங்களின் இல்லத்தில் தமிழ்ச் சைவர்களின் கோயிலும் இருக்கிறது.

திட்டமிடும் வரிசை இதுதான்: முதலில் மாதம், பிறகு தங்கும் ஊர்கள், பிறகு விசா, பிறகு பாஸ், கடைசியாக ஒன்றோ இரண்டோ இருக்கை முன்பதிவுகள். மலை டிக்கெட்டை மட்டும் அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கண்ணாடிக்கூரை ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதே மலையை, அதே பாலத்திலிருந்து, சாதாரண ரயிலின் ஜன்னலும் காட்டும்.